பழைய தண்டவாளமும் பழைய நிரலும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் மின்சார இரயிலில் ஒருமுறையேனும் பயணம் செய்யாதவர் தென்சென்னைப் புறநகரில் மிகச் சிலரே ஆவர். எழும்பூர், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து செல்கின்றன. இப்பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில் ஆகும். அந்நாளில் அதனை நடத்தியது தென்னிந்திய இரயில்வே. அப்போது அமைந்த பாதை மீட்டர் பாதை. அதாவது, இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1000 மில்லிமீட்டர். வண்டியை இழுத்த மின்சாரம் 1500 வோல்ட்டு நேர்மின்னோட்டம். இன்று அப்பாதையும் இல்லை, அம்மின்னோட்டமும் இல்லை. 1960களில் 25,000 வோல்ட்டு மாறுமின்னோட்டம் வந்தது. பின்னர் 1676 மில்லிமீட்டர் அகலமுள்ள அகலப்பாதை வந்தது. 2004ஆம் ஆண்டில் கடற்கரை–தாம்பரம் வழியில் மீட்டர் பாதை வண்டிகளின் ஓட்டம் முடிவுற்றது.

இம்மாற்றம் ஒரே இரவில் நிகழ்ந்ததன்று. மீட்டர் பாதையும் அகலப்பாதையும் சில ஆண்டுகள் அடுத்தடுத்து இருந்தன. பழைய வண்டியில் சிலரும் புதிய வண்டியில் சிலரும் சென்றனர். ஒரு பாதைக்குரிய வண்டி மற்றொரு பாதையில் ஓடாது. ஆதலின் இரு வகை வண்டிகளையும், இரு வகைப் பாதைகளையும், அவற்றுக்குரிய உதிரிப் பொருள்களையும் பேண வேண்டியிருந்தது. அச்சுமை மாற்றக் காலத்திற்கு ஏற்றது, என்றென்றைக்கும் ஏற்றதன்று. புதிய பாதை அமையுமுன் பழையதைப் பெயர்த்திருந்தால் பயணிகள் தவித்திருப்பர். புதியது அமைந்த பின்னும் பழையதைப் பெயர்க்காதிருந்தால் இரயில்வேயின் சுமை இரட்டித்திருக்கும். எனவே, நீக்குதலுக்கும் ஒரு காலமுண்டு. ஒரு முறையுண்டு என்பது விளங்கும்.

கண்ணுக்குத் தெரியும் தண்டவாளத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளுக்கும் பொருந்தும். அப்பொருளே மென்பொருள். இத்தாம்பரம் வழியிலேயே மென்பொருளாக்கும் இடங்கள் பல உள்ளன. குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு தோன்றிய எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியின் வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கட்டற்ற திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005ஆம் ஆண்டில் ஏற்பட்டபோது, அம்மையமும் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனமும் அப்பணியைப் பகிர்ந்து மேற்கொண்டன. அம்முயற்சியின் பயனாக ‘பாஸ்’ என்னும் இந்திய இயக்க அமைப்பு வெளிவந்தது. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. பாஸ் இயக்க அமைப்பின் நடுவே இருப்பது லினக்சு என்னும் கருப்பகுதி. உலகெங்குமுள்ள பொறியாளர் பல்லாயிரவர் கூடி வளர்த்துவரும் அக்கருப்பகுதியே இப்பாடத்தில் நமக்கு எடுத்துக்காட்டாகும்.

மென்பொருள் என்பது கணினி செய்ய வேண்டியவற்றை வரிவரியாக எழுதிவைத்த கட்டளைத் தொகுதி. அக்கட்டளைகளை நிரல் என்பர். மனிதர் எழுதும் நிரலை எந்திரத்திற்கு விளங்கும் எண்களாக மாற்ற ‘கம்பைலர்’ என்னும் மொழிமாற்றி உதவுகிறது. ஒரே மென்பொருள் பலவகைக் கணினிகளில் இயங்க வேண்டியிருக்கும். ஒரு கணினிக்கு ஏற்ற வரி மற்றொன்றுக்கு ஏற்காது. ஆகவே நிரலை எழுதுவோர், “செயலி பழையதாயின் இவ்வழியே செல்க, புதியதாயின் அவ்வழியே செல்க” என இரு வழிகளையும் எழுதிவைப்பர். மொழிமாற்றம் செய்யும் வேளையில் எவ்வழி வேண்டும் என்பதை ஒரு குறியினால் தெரிவிப்பர். இக்குறியைப் பொறியாளர் ‘பில்டு ஃபிளாக்’ என வழங்குவர். நாம் அதனைத் தெரிவுக்குறி என்போம். இரயில் பாதையில் வண்டியை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்குத் திருப்பும் விசையைப் போன்றது இது.

ஒரு விசை இருந்தால் தடங்கள் இரண்டு. இரண்டு விசைகள் இருந்தால் செல்லத்தக்க வழிகள் நான்கு. மூன்று இருந்தால் எட்டு. இவ்வாறு ஒவ்வொரு தெரிவுக்குறியும் வழிகளின் எண்ணிக்கையை இரட்டிக்கச் செய்கிறது. பத்துக் குறிகள் இருந்தால் 1,024 வழிகள். இருபது இருந்தால் 10,48,576 வழிகள். இவை அனைத்தையும் ஆய்ந்து பார்த்து, “எவ்வழியிலும் பிழையில்லை” என்று உறுதி கூற யாரால் இயலும்? ஆதலின், பயனற்றுப்போன ஒரே ஒரு குறியை நீக்கினாலும் ஆய்வின் சுமை பாதியாகக் குறைகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி லினக்சின் வரலாற்றுக்கு வருவோம். இன்டெல் நிறுவனம் 386 என்னும் செயலியை 1985ஆம் ஆண்டு வெளியிட்டது. ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், அச்செயலி அமைந்த கணினி ஒன்றினை வாங்கி, 1991ஆம் ஆண்டில் அதன்மீதே லினக்சை எழுதத் தொடங்கினார். எனவே 386 செயலியை லினக்சு பிறந்த தொட்டில் என்று கூறுதல் பொருந்தும். ஆயினும், அதற்கு முன்பே, 1989ஆம் ஆண்டில், 486 என்னும் அடுத்த செயலி வந்துவிட்டது. 486இல் இருந்த சில ஆற்றல்கள் 386இல் இல்லை. அவற்றுள் இரண்டினை மட்டும் இங்கு அறிந்துகொள்வோம்.

தாம்பரம் நிலையத்தில் முன்பதிவுச் சாளரங்கள் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். ஓர் இருக்கை மட்டும் எஞ்சியிருக்கிறது. முதற் சாளரத்து எழுத்தர் பதிவேட்டைப் பார்க்கிறார். இருக்கை காலியாக உள்ளது. அவர் பெயரை எழுதுமுன், இரண்டாம் சாளரத்து எழுத்தரும் பார்க்கிறார். அவருக்கும் அது காலியாகவே தோன்றுகிறது. இருவரும் பெயர் எழுதுகின்றனர். இருக்கை ஒன்று, பயணியர் இருவர் என்றாகிவிடுகிறது! பார்த்தலும் எழுதுதலும் இடையறாத ஒரே செயலாக அமைந்தால்தான் இக்குழப்பம் நேராது. கணினியின் நினைவகத்திலும் இதே இடர் உண்டு. “இவ்விடத்திலுள்ள எண் நான் எதிர்பார்த்ததாயின், புதிய எண்ணை இடுக” என்பதனை ஒரே கட்டளையாக 486 செயலி நிறைவேற்றியது. 386க்கு அக்கட்டளை தெரியாது. அதன்பொருட்டு, பிற வேலைகள் குறுக்கிடாமல் தடுத்து, எண்ணைப் பார்த்து, மாற்றி, பின்னர்த் தடையை நீக்கும் சுற்றுவழி ஒன்றினைத் தனியே எழுதி வைத்திருந்தனர்.

மற்றொன்று நினைவகக் காவல். கணினியின் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சில பக்கங்களின்மீது “இங்கு எழுதலாகாது” என்னும் அடையாளம் இடப்படும். 486 முதலான செயலிகளில், கருப்பகுதியே தவறி எழுத முற்பட்டாலும் செயலி தடுக்குமாறு செய்யலாம். 386 செயலியோ, எழுதுவது கருப்பகுதி எனின் அவ்வடையாளத்தைப் பொருட்படுத்தாது விட்டுவிடும். ஆதலின் ஒவ்வொரு முறையும் எழுதுமுன் கருப்பகுதி தானே சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வாறு ஒரு பழைய செயலியின் பொருட்டுச் சிறுசிறு சுற்றுவழிகளும் அவற்றுக்குரிய தெரிவுக்குறிகளும் நிரலெங்கும் பரவிக் கிடந்தன.

2007ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 386 செயலியைச் செய்வதை நிறுத்தியது. ஆனால் நிரலில் அதற்குரிய வரிகள் எஞ்சியிருந்தன. பல செயலிகள் ஒருங்கே இயங்கும் புதிய கணினிகளுக்காகக் கருப்பகுதியின் அடிப்படைச் செயல்களைத் திருத்த முற்படும்போதெல்லாம், “386இல் இது என்னாகும்?” என்னும் கேள்வி குறுக்கே நின்றது. இறுதியில், 2012ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இங்கோ மோல்னார், பீட்டர் ஆன்வின் ஆகிய பொறியாளர்களின் முயற்சியால் 386க்கான ஆதரவு நீக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 3.8ஆம் பதிப்பு முதல் லினக்சு அச்செயலியில் இயங்குவதில்லை. தான் பிறந்த தொட்டிலையே அது கைவிட்டது. டோர்வால்ட்சும் அதற்கு இசைந்தார்.

இவ்வேலையில் நீக்கப்பட்டவை ஏறத்தாழ 400 வரிகளே. கோடிக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருளில் இஃது ஒரு பொருட்டா என்று நீங்கள் கேட்கலாம். வரிகளின் எண்ணிக்கையன்று இங்குக் கருதத்தக்கது. அவ்வரிகள் எத்தனை இடங்களில் பொறியாளரின் சிந்தையைத் தடுத்து நிறுத்தின என்பதே கருதத்தக்கது. வயலின் நடுவே கிடக்கும் பாறை சிறிதாயினும், உழும்போதெல்லாம் ஏர் அதனைச் சுற்றியே செல்ல வேண்டியிருக்கிறதன்றோ? பின்னர், 2018ஆம் ஆண்டில் 4.17ஆம் பதிப்பு உருவானபோது, யாரும் பயன்படுத்தாத எட்டு வகைச் செயலிகளுக்கான நிரல் ஒருங்கே நீக்கப்பட்டது. அப்போது கழிந்த வரிகள் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டவை.

“பயன்படாத நிரல் ஒரு மூலையில் உறங்கிக் கிடந்தால் யாருக்கு என்ன தீங்கு?” என்று சிலர் வினவுவர். அவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி விடை கூறும். நைட் கேபிடல் என்பது பங்குச் சந்தையில் வாணிகம் செய்த பெரிய நிறுவனம். அதன் மென்பொருளில் ‘பவர் பெக்’ என்னும் ஒரு பகுதி இருந்தது. 2003ஆம் ஆண்டிலேயே அதன் பயன் நிறுத்தப்பட்டது. நிரல் மட்டும் நீக்கப்படவில்லை. ஒரு வாடிக்கையாளர் கேட்ட அளவு பங்குகளை வாங்கியாயிற்றா என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் வேலையை 2005ஆம் ஆண்டில் வேறிடத்திற்கு மாற்றினர். பவர் பெக் அதன்பின் ஒழுங்காக இயங்குமா என்று யாரும் ஆய்ந்து பார்க்கவில்லை. பயன்படாததை யார் ஆய்வர்?

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஒரு புதிய வசதியைத் தொடங்க வேண்டியிருந்தது. அதற்குப் புதிய குறி ஒன்றினைப் படைக்காமல், முன்பு பவர் பெக்கை எழுப்பிய அதே குறியைப் பயன்படுத்தினர். கணினிகள் எட்டு. ஏழில் புதிய நிரலை இட்டனர். ஒன்றில் இடத் தவறினர். சந்தை திறந்தது. அந்த எட்டாவது கணினியில் குறி எழுந்தவுடன், ஒன்பது ஆண்டுகளாக உறங்கிய பவர் பெக் விழித்துக்கொண்டது. எண்ணி நிறுத்துவார் இன்மையால் ஓயாமல் வாங்கியது, விற்றது. குழம்பிய பொறியாளர், சரியாக இயங்கிய ஏழு கணினிகளிலிருந்தும் புதிய நிரலை நீக்கவே, கேடு மேலும் பெருகியது. சுமார் 45 நிமிடங்களில் நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட வாணிகங்கள் நிகழ்ந்தன. நிறுவனம் இழந்த பொருள் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் மற்றொன்றுடன் இணைய நேர்ந்தது. பெயர்க்காது விட்ட பழைய தடத்தில், திருப்பப்பட்ட விசையினால் விரைவு வண்டி ஒன்று புகுந்ததனை ஒத்தது இவ்விபத்து.

இதனைக் கேட்டவுடன், பழையது அனைத்தையும் இன்றே அழித்துவிட வேண்டும் என்று எண்ணுதல் கூடாது. அவ்வாறு அவசரப்படுதலும் கேடே பயக்கும். 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ‘லெஃப்ட்-பேட்’ என்னும் பதினொரு வரி நிரலை அதனை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். ஒரு சொல்லின் இடப்புறத்தில் வெற்றிடம் சேர்ப்பதே அதன் வேலை. ஆனால் அதனைச் சார்ந்து ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் இருந்தன. அவற்றை உருவாக்கும் பணி உலகெங்கும் சில மணி நேரம் தடைப்பட்டது. சிறியது என்பதனாலேயே ஒன்று பயனற்றது ஆகிவிடாது. பழையது என்பதனாலும் ஆகிவிடாது. ஒன்று ஏன் வைக்கப்பட்டது என்பதை அறியாதவன் அதனை எடுக்கும் தகுதியும் பெறாதவனே.

அங்ஙனமாயின் எவ்வாறு நீக்குவது? அறிவுடைய பொறியாளர் பின்பற்றும் முறை இது. முதற்கண், அப்பகுதியை யார் பயன்படுத்துகின்றனர் என்று தேடுவர். நிரலில் அக்குறியின் பெயர் வரும் இடங்களையெல்லாம் பட்டியலிடுவர். அஃது எப்போது, எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பதைப் பழைய பதிவேடுகளில் காண்பர். இரண்டாவதாக, “இது விரைவில் நீக்கப்படும்” என்று முன்னறிவிப்புச் செய்வர். பயன்படுத்துவோர் எவரேனும் இருப்பின் அவர் முன்வந்து கூறக் காலம் அளிப்பர். மூன்றாவதாக, முதலில் அழிக்காமல், அக்குறியை அணைத்துவைத்துப் பார்ப்பர். நான்காவதாக, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டாமல், ஒவ்வொரு குறியாக நீக்கி, ஒவ்வொரு படியிலும் ஆய்வு செய்வர். 386ஐ நீக்கியவர்களும் அவ்வாறே படிப்படியாகச் செய்தனர். ஐந்தாவதாக, நிரலை நீக்கியதோடு நில்லாமல், அதனைப் பற்றிய குறிப்புகளையும் கையேடுகளையும் திருத்துவர். இல்லையேல் இல்லாத குறியை நாடிப் புதியவர் அலைவர்.

நீக்கியது அடியோடு அழிந்துவிடுமோ என்னும் அச்சமும் வேண்டுவதில்லை. டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி, நிரலில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளும் காரணமும் குறித்துப் பேணிவைக்கிறது. இன்று நீக்கிய வரியை நாளை வேண்டுமாயின் எடுத்துக்கொள்ளலாம். இக்காப்பகம் இருப்பதனால்தான் நீக்குவோர்க்குத் துணிவு பிறக்கிறது.

எனினும் ஒரு கடமை எஞ்சி நிற்கிறது. பழைய நிரல் நீங்கும்போது பழைய கணினியை வைத்திருப்பவர் நிலை என்ன? பாஸ் இயக்க அமைப்பிற்கு அடிப்படையான டெபியன் என்னும் அமைப்பின் 13ஆம் பதிப்பு 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. 32 பிட்டுச் செயலி மட்டுமே உடைய பழைய தனிக்கணினிகளுக்கான கருப்பகுதியும் நிறுவும் கருவியும் அதில் இல்லை. செல்வர் புதிய கணினி வாங்கிக்கொள்வர். சிற்றூர்ப் பள்ளியிலும் எளியவர் இல்லத்திலும் பழைய கணினியே துணையாய் இருக்கக்கூடும். அவர்களை எண்ணிப் பார்த்து, போதிய காலம் கொடுத்து, மாற்றுவழி காட்டிய பின்னரே நீக்குதல் அறமாகும். அகலப்பாதை வண்டி ஓடத் தொடங்கிய பின்னர் மீட்டர் பாதையைப் பெயர்த்தது போல, ஏறிச் செல்ல வேறு வண்டி உண்டு என்று உறுதிசெய்த பின்னரே பழைய வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

நம் மொழியும் இவ்வாறு ஒரு நீக்கத்தைக் கண்டதுண்டு. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் முற்காலத்தில் பிற எழுத்துகளின் முறைக்கு மாறான தனி வடிவங்களைக் கொண்டிருந்தன. பெரியார் அவற்றைத் தம் இதழில் பல்லாண்டுகளுக்கு முன்பே நேராக்கி அச்சிட்டு வந்தார். 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதன்பின் அச்சுக் கோப்போர்க்கும் எழுதப் பழகும் சிறுவர்க்கும் பதின்மூன்று விதிவிலக்குகள் குறைந்தன. பழைய நூல்கள் எரிக்கப்படவில்லை. அவை நூலகங்களில் இருக்கின்றன. விரும்புவோர் இன்றும் அவற்றை எடுத்துப் படிக்கின்றனர்.

எனவே, சேர்த்தல் மட்டுமே வளர்ச்சி என்று கருதுதல் பிழை. தேவையற்றதை அறிந்து, ஆராய்ந்து, பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் நீக்குதலும் வளர்ச்சியே. நாளை உங்களுள் சிலர் குரோம்பேட்டையில் பயின்று, தாம்பரத்திலோ பிற ஊர்களிலோ மென்பொருள் எழுதக்கூடும். முன்னோர் எழுதிவைத்த நிரல் உங்கள் கைக்கு வரும். அதில் பயனற்ற வரியைக் கண்டால் அஞ்சி ஒதுங்காதீர். ஆராயாமல் வெட்டவும் வெட்டாதீர். அஃது ஒருகால் எவருக்கோ தொட்டிலாய் இருந்தது என்பதை நினைந்து, அதன் பணி முடிந்ததை உறுதிசெய்து, நன்றியோடு நீக்குங்கள்.